ஜன்னல் பக்கம்

ஆடி மாதத்திலிருந்து அக்பர் பனியன் போடுவதில்லை.

முப்பது வருஷமாகப் பனியன் வெட்டுகிறவர். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உள்ளே போடுவதோ வெளியே போடுவதோ, தலைவழியாக மாட்டுகிற எல்லாவற்றுக்கும் இங்கே பனியன் என்றுதான் பெயர். அவர் வெட்டியதைப் போட்டுக்கொண்டு எந்தெந்த ஊரிலோ யார் யாரோ நடக்கிறார்கள். அவருக்கு மட்டும் முடியவில்லை. இடது தோள் இறுகிவிட்டது. கை முன்னால் நெஞ்சு மட்டம் வரை வரும். பக்கவாட்டில் அதுவும் வராது. முதுகுப் பக்கம் போகவே போகாது.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பனியனுக்குள் தலையும் வலது கையும் போய், இடது கை சிக்கிக்கொண்டது. அஜீஸுன்னிசா பிடித்து இழுத்தாள். அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். கடைசியில் நூல் வெட்டுகிற கத்தரியால் பனியனை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தாள்.

அதன் பிறகு முன்னால் பட்டன் வைத்த சட்டை. அதையும் அவள் விரித்துப் பிடிக்க வேண்டும். வராத கை முதலில், வருகிற கை பிறகு. கழற்றும்போது வருகிற கை முதலில். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற வர்ஷினி என்ற பெண் சொல்லிக்கொடுத்தது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்படி வரும் என்றாள். ஒன்றரை வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், வலித்தாலும் தினமும் அசைக்க வேண்டும் என்றாள்.

அதனால் காலையில் டீ குடித்ததும் அக்பர் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். இடது கை விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி போல ஒவ்வொன்றாக மேலே நடத்த வேண்டும். விரல் நின்ற இடத்தில் அஜீஸுன்னிசா கட்டிங் சாக்கட்டியால் கோடு போடுவாள். இஞ்ச் டேப்பால் அளப்பாள். ஆடியில் நாற்பத்தாறு இஞ்ச். இப்போது கார்த்திகை. ஐம்பத்தொன்று.

"இன்னொரு விரக்கடை ஏறுங்க."

"ஏறாது."

"நேத்து ஏறுச்சு."

"நேத்து மழை இல்ல."

"சுவத்துக்குக்கூட மழை தெரியுதாக்கும். ஏறுங்கன்னா."

ஏறினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் கோடு போட்டாள். பழைய கோட்டின் மேலேயே விழுந்தது.

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. மொக்கைச்சாமி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் நிலைத்தவன். நாற்பத்தைந்து வயது. கட்டிங்கில் அக்பரோடு பதினோரு வருஷமாக நிற்கிறவன். நான்கு மாதமாக அவனுடைய எக்ஸ்எல் வண்டியில்தான் அக்பர் பின்னால் உட்கார்ந்து போகிறார். தன் வண்டியில் கார்புரேட்டர் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

கம்பெனியில் யாருக்கும் தோள் விஷயம் தெரியாது. சொல்லவில்லை. முதலாளி தமிழ்செல்வன் சின்ன வயசு. அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. துணியைத் தானே விரிக்கிற மிஷின் ஒன்றை அவினாசி ரோட்டில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதே பேச்சாக இருந்தான். "கையே வேண்டாமுங்க பாய் அதுக்கு," என்று ஒருமுறை சந்தோஷமாகச் சொன்னான். அக்பர் தலையாட்டினார்.

பள்ளிவாசலில்கூட அவர் தூணோரமாக நிற்கப் பழகிவிட்டார். தொழுகை தொடங்கும் தக்பீருக்கு இரண்டு கையும் காது வரை போக வேண்டும். வலது கை போகும். இடது கை நெஞ்சிலேயே நின்றுவிடும். தூணை ஒட்டி நின்றால் ஒரு பக்கத்துக்காரர் குறைவு.

*

கட்டிங் மேஜை முப்பது அடி. அக்பர் ஜன்னல் பக்கம் நிற்பார். மொக்கைச்சாமி சுவர்ப் பக்கம். ஆரம்பத்திலிருந்து அப்படித்தான். துணி ரோலின் முனையை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து மறு கோடி வரை நடப்பார்கள். விரிப்பார்கள். திரும்பி நடப்பார்கள். அடுக்கின் மேல் அடுக்காக அறுபது வரை. பிறகு மேலே மார்க்கர் காகிதத்தைப் போட்டு, வரைந்த கோட்டில் மிஷினை ஓட்டினால் அறுபதும் ஒன்றாக வெட்டுப்படும்.

பின்னல் துணி ரப்பர் மாதிரி. இழுத்தால் வரும், விட்டால் திரும்பும். இழுபட்டபடி வெட்டினால் வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருக்கும். மறுநாள் சுருங்கும். அதனால் இழுக்கவே கூடாது. நெஞ்சுக்கு மேல் தூக்கி, ஒருமுறை காற்றை உள்ளே விட்டு, தூங்குகிற பிள்ளைமேல் போர்வை போடுவது போல இறக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் அக்பர் முதல் நாள் சொல்வது இரண்டே சொல். இழுக்காதே. தூக்கு.

ஆடிக்குப் பிறகு அவரால் தூக்க முடியவில்லை. இழுத்தார்.

கெட்டித் துணியாக வந்தவரை ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகையில் வந்த ஆர்டர் மெல்லிசு. லைக்ரா கலந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் செக்கிங்கிலிருந்து சின்னாத்தாள் வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப். கையில் தைத்த பனியன் ஒன்று. ஐம்பது வயதுக்காரி. அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இல்லை என்பார்கள்.

"ஏனுங் மாஸ்டர், இதைச் சித்த பாருங்."

பனியனை நடுவில் மடித்து இரண்டு தோளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். ஒரு தோள் அரை இஞ்ச் குட்டை.

"தைக்கறவிய மேல தப்பில்லீங். வெட்டுன பீஸையே மடிச்சுப் பாத்துட்டனுங். ஒரு பண்டிலு பூரா இப்புடிக் கோணலு. அடுத்தது சரியா இருக்குது. அதுக்கடுத்தது மறுக்காக் கோணலு."

அக்பர் பனியனை வாங்கினார். மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். அரை இஞ்ச்தான். அவருக்கு டேப் தேவையில்லை.

தமிழ்செல்வன் வந்துவிட்டான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். பண்டில் நம்பரைப் பார்த்தான். மார்க்கரைப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே ஓரத்துப் பீஸுங்களா?"

"ஆமாங். ஜன்னல் பக்கம்," என்றாள் சின்னாத்தாள்.

"ஜன்னல் பக்கம் ஆரு நின்னது?"

மின்விசிறி சுற்றியது. சின்னாத்தாள் டேப்பைப் பார்த்தாள்.

"நாந்தேன் மொதலாளி," என்றான் மொக்கைச்சாமி.

"நீங்களா? எத்தனை வருஷமா துணி விரிக்கறீங்க?"

"பதினோரு வருசம்."

"இழுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"அன்னைக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருந்துச்சு. இழுத்துப்புட்டேன்."

தமிழ்செல்வன் திரும்பினான். "பாய், நீங்க எதிர்லதான நின்னீங்க. பாக்கலீங்களா?"

அக்பர் வாயைத் திறந்தார். "கவனிக்கலீங்க தம்பி," என்றார்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"சரி. சனிக்கெழமையோட இவரு வேலைய விட்டு நின்னுக்கட்டும். தை பொறந்தா மிஷின் வருது. அதுக்கு எப்புடியும் ஒரு ஆளு போதும்."

அவன் போய்விட்டான். சின்னாத்தாள் அக்பரை ஒருமுறை பார்த்தாள். கழுத்து டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள். செக்கிங்குக்கு நடந்தாள்.

*

சாயங்காலம் வீடு திரும்பும்போது தூறல். மொக்கைச்சாமி வண்டியை மெதுவாக ஓட்டினான். அக்பர் பின்னால் இருந்தார். கணக்கம்பாளையம் பிரிவு தாண்டியதும் கேட்டார்.

"எதுக்கு அப்புடிச் சொன்னே?"

"எப்புடி?"

"ஜன்னல் பக்கம் நீயின்னு."

"பின்ன, நீங்கண்டு சொல்லச் சொல்றீகளா?"

லாரி ஒன்று தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. மொக்கைச்சாமி அதன் டிரைவரின் அம்மாவை விசாரித்தான்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"வண்டி ரிப்பேருண்டீகளே, அன்னைக்கே. ரிப்பேரான வண்டியில ஒங்க வீட்டுக்காரம்மா கறிக்கடைக்குப் போய்ட்டு வர்றாகளே அண்ணே. நானே ரெண்டு தடவ பாத்தேன். சலாம் வேற வச்சாக."

அக்பருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"வேகத்தடை வந்தா ஒத்தக் கையிலதேன் என்னையப் பிடிக்கிறீக. மொத நாளு பயந்தேன், இவரு எங்கிட்டாச்சும் விழுந்து தொலைச்சா அந்தப் பாவமும் எனக்குத்தேன்னு."

"சொல்லியிருக்கலாமல்ல."

"நீங்க சொல்லாதத நான் என்னத்தச் சொல்ல? நீங்க மாஸ்டரு. நானும் எம் பக்கம் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பாத்தேன், ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்ண்டு. கெட்டித் துணிக்குச் சரியாப் போச்சு. இந்தத் துணி இருக்கே, மூச்சு விட்டாலே நீளுது. நம்மளால முடியல."

அக்பர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"சனிக்கெழமைக்கு அப்பறம் எங்க போவே?"

"எங்கிட்டாச்சும். ரெண்டு கையும் இருக்குல்ல. மூட்டை தூக்கக்கூட எடுப்பானுக. ஒங்களைய இந்தக் கையோட எவன் எடுப்பான்? அம்புட்டுதேன் கணக்கு. எறங்குங்க, வீடு வந்துருச்சு."

*

அஜீஸுன்னிசா குழந்தைச் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும். மூட்டையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். ஈரச் சட்டையைக் கழற்றினாள். கொள்ளுப் பயறை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். தோளில் வைத்தாள். வறுத்த கொள்ளின் வாசம் எழுந்தது.

"சூடா இருக்குதுங்களா?"

"ம்."

"மஹ்னூர் பேசுனா. இந்த வாரம் ஹாஸ்டல்ல இருந்து வரலியாம். பரிச்சையாம்," என்றாள். மஹ்னூர் அவர்கள் மகள்.

"ம்."

"மொகம் ஏன் இப்புடி இருக்குது?"

அவர் சொன்னார். பனியனை மடித்தது, அரை இஞ்ச், மொக்கைச்சாமி சொன்னது. கொள்ளு முடிச்சு தோளில் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கவனிக்கலைன்னேன்."

முடிச்சு நின்றது.

"தோளு மட்டுந்தான் இறுகிப் போச்சுன்னு நெனச்சேன்," என்றாள். "வாயுமா?"

"வேலை போயிரும் அஜீஸு."

"போகட்டும்னு நான் சொல்லலீங்க. புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்குது. எனக்குத் தெரியாதா?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லலை." முடிச்சை எடுத்துப் போய் அடுப்பில் காட்டினாள். திரும்பி வந்து வைத்தாள். "நாளைக்குக் காலைல அந்தண்ணன் வண்டி நம்ம வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கும். நீங்க எப்புடிங்க பின்னால ஏறி உக்காருவீங்க?"

அவர் வலது கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத்தான் யோசிக்கறேன். ஏறறது எப்புடின்னு," என்றாள்.

அரிசியும்பருப்புச் சோறு போட்டாள். நெய் விட்டாள். சாப்பிட்டு எழுந்தவர், யாரும் சொல்லாமலே சமையல்கட்டுச் சுவருக்குப் போனார். விரல்களை ஏற்றினார். காலையில் நின்ற இடத்துக்கு இரண்டு விரக்கடை கீழேயே நின்றுவிட்டது. அவள் சாக்கட்டியை எடுக்கவில்லை.

*

காலையில் ஹாரன் சத்தம் வருவதற்கு முன்பே அக்பர் பஸ் ஏறிவிட்டார். வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே போனார்.

தமிழ்செல்வன் ஆபீஸ் அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க பாய். சாப்பிடறீங்களா?"

"ஆச்சுங்க தம்பி. ஒரு சேதி."

"சொல்லுங்க."

"ஜன்னல் பக்கம் நின்னது நானுங்க. மொக்கை இல்ல."

தமிழ்செல்வன் இட்லியைக் கீழே வைத்தான்.

"ஆடியில இருந்து தோளு இறுகிப் போச்சுங்க. கையைத் தூக்க முடியறதில்ல. இழுத்துத்தான் விரிச்சேன். அவன் எனக்காகச் சொல்லிட்டான். நானும் பேசாம இருந்துட்டேன்."

"தூக்குங்க பாக்கலாம்."

அக்பர் இடது கையைத் தூக்கினார். நெஞ்சு மட்டத்தில் நின்றது. இன்னும் முயன்றார். கை ஏறவில்லை, தோள்பட்டை ஏறிக் காதைத் தொட்டது. உடம்பே ஒரு பக்கம் சாய்ந்தது. தமிழ்செல்வன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும், எறக்குங்க. நாலு மாசமாவா?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னுங்க பாய்?"

"பயமுங்க தம்பி."

"எம் மேலயா?"

"மிஷின் மேல."

தமிழ்செல்வன் கை கழுவிவிட்டு வந்தான். துடைத்தான். ஜன்னலுக்கு வெளியே வேஸ்ட் துணி ஏற்றும் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் வரத்தான் போகுது," என்றான். "அதை நான் நிறுத்த முடியாதுங்க. சொல்லிப் போட்டிருக்குது."

"சரிங்க."

"அதுவரைக்கும் நீங்க துணி விரிக்க வேண்டாம். விரிக்கற துணியில கையே வெக்காதீங்க. மார்க்கர் போடுங்க, மிஷின்ல வெட்டுங்க. விரிக்கறது மொக்கை பாத்துக்கட்டும். ஒரு ஆளை அவருக்குக் கீழ போட்டுக்கலாம்."

"அவன் வேலையில இருக்கறானுங்களா?"

"இருக்காம? ஆனா ஒண்ணு பாய். நேத்து என்னை முட்டாளாக்கிட்டீங்க ரெண்டு பேரும். அது எனக்கு ஆறாது, கொஞ்ச நாளைக்கு."

"ஆறாதுதானுங்க."

"கோணல் பீஸுக்கு என்ன வழி?"

"தைக்காததையெல்லாம் ஒரு சைஸ் எறக்கி வெட்டிரலாமுங்க. எல்லு சைஸு எம்மு சைஸாயிரும். எல்லுக்கு இருக்கற மிச்சத் துணியில புதுசா வெட்டிக்கலாம். தைச்ச பண்டிலு மட்டும் போச்சு."

"செய்யுங்க."

கட்டிங்குக்குள் அவர் நுழைந்தபோது மொக்கைச்சாமி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வாசல்ல நின்னு காமணி நேரம் ஹாரன் அடிச்சேன். ஒங்க வீட்டுக்காரம்மா வந்து, அவரு போயிட்டாருங்கண்ணா, உள்ள வந்து டீ குடிங்கண்டாக. என்ன டீயோ, ஒரே சுக்கு."

"சொல்லிட்டேன் மொக்கை."

"தெரியுது. மொகத்தப் பாத்தா கல்யாணம் முடிஞ்ச மாப்பிள்ள மாதிரி இருக்கு."

"நீ ஜன்னல் பக்கம் நில்லு இனி."

மொக்கைச்சாமி துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். ஜன்னலைப் பார்த்தான். பதினோரு வருஷமாக எதிரிலிருந்து பார்த்த ஜன்னல்.

"வெயிலு மூஞ்சில அடிக்குமேண்ணே," என்றான்.

மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். தூணோரம் இடம் இருந்தது. வரிசையின் நடுவில் போய் நின்றார். ஒரு கை காது வரை போனது, ஒரு கை நெஞ்சில் நின்றது. பக்கத்தில் நின்றவர் பார்த்ததாகத்தான் தோன்றியது.

திரும்பி வந்து சாயங்காலம் வரை கோணல் பீஸ்களைச் சைஸ் இறக்கி வெட்டினார். வலது கைக்கு ஒன்றும் இல்லை. மிஷின் கோட்டிலிருந்து நூலளவு விலகவில்லை. சின்னாத்தாள் வந்து முதல் பண்டிலை மடித்துப் பார்த்தாள். "இப்பச் சரியா இருக்குதுங்," என்றாள். போகும்போது, "எங்க நாத்தனாளுக்கும் இப்புடித்தான் இருந்துச்சுங் மாஸ்டர். ரெண்டு வருஷம் தலை சீவ முடியாம அழுதுட்டுக் கெடந்தா. இப்ப எம் புருஷனைக் கை நீட்டி அடிக்கறா," என்றாள்.

எதிர்க் கோடியில் மொக்கைச்சாமி ஒரு ஒடிசாக்காரனை வைத்துப் புது ரோலை விரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் வராது. மொக்கைச்சாமிக்கு இந்தி வராது. துணி இறுகுவது அங்கிருந்தே அக்பருக்குத் தெரிந்தது. ஸ்டூலில் இருந்து எழப் போனார். விரிக்கிற துணியில் கை வைக்கக் கூடாது என்பது நினைவு வந்தது. உட்கார்ந்தார்.

"இழுக்காதே," என்று கத்தினார். "தூக்கு!"

"அதைத்தேண்ணே நானும் சொல்றேன். இவனுக்கு என்னண்டு சொல்ல?" மொக்கைச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒடிசாக்காரனுக்குக் காட்டினான். அவன் சிரித்துக்கொண்டு தானும் தூக்கினான். துணி எழுந்தது, காற்று வாங்கியது, இறங்கியது.

புறப்படும்போது மொக்கைச்சாமி எதையோ சுருட்டி அவர் மடியில் எறிந்தான். வீணாய்ப்போன பண்டிலில் ஒரு பனியன்.

"இந்தாங்க. இடது பக்கம் ஏறின தோளு. ஒங்களுக்குண்டே அளவெடுத்து வெட்டுன மாதிரி இருக்கு."

*

கொள்ளு ஒத்தடம் முடிந்து தோள் சூடாக இருந்தது. அக்பர் கட்டிலில் வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தார். அஜீஸுன்னிசா சட்டையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"அது வேண்டாம். அந்தப் பையில இருக்கறதை எடு."

எடுத்துப் பார்த்தாள். "பனியனுங்களா? சும்மா இருங்க. ஆடியில பட்டது பத்தாதா?"

"அன்னைக்குத் தலையை மொதல்ல விட்டேன். அதான் தப்பு. கையை மொதல்ல விடு."

இடது கையை அவள் கைக்குள் வாங்கினாள். முழங்கைக்கு மேல், தோள் வரை துணியை ஏற்றினாள். அவர் பல்லைக் கடித்தார். போனது. பிறகு குனிந்து தலையை நுழைத்தார். வலது கை பாதி போனது. அங்கே எல்லாம் நின்றுவிட்டது. முகத்தின் மேல் துணி. உள்ளே இருட்டு. புதுத் துணியின் சாய வாசம்.

"சிக்கிக்கிச்சு," என்றாள். குரலில் பயமும் சிரிப்பும் இருந்தன. "நான் அப்பவே சொன்னேன். கத்தரி எடுக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

அவள் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"இழுக்காதே," என்றார் உள்ளே இருந்து.

"பின்னே?"

"ரெண்டு ஓரத்தையும் புடி. தூக்கு."

அவள் இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்தாள். மேலே தூக்கினாள். துணிக்குள் காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் வந்தன. அவர் வலது கையை நுழைத்தார். அவள் மெதுவாக இறக்கினாள்.